விண்டோ மேனேஜர் வரலையா? எந்த கேட்ல நிக்குதுன்னு முதல்ல பாருங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கியிருக்கிறோம். கட்டளைகளை நிகழ்ச்சியில் உச்சரித்தபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ‘மைனஸ்’ என்று வரும் இடத்தில் சிறு கோடு, ‘ஸ்லாஷ்’ என்றால் சாய்கோடு, ‘டாட்’ என்றால் புள்ளி.)

இன்னைக்கு ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுக்கிட்டிருக்கற ஒரு விஷயம். லினக்ஸ்ல புதுசா ஒரு விண்டோ மேனேஜர் போடுறீங்க. ஐ3, ஓபன்பாக்ஸ், ஆசம், ஸ்வே, ஏதோ ஒண்ணு. ரீபூட் பண்ணி, பாஸ்வேர்டு அடிச்சு, என்டர் தட்டுறீங்க. ஸ்க்ரீன் ஒரு செகண்ட் கறுப்பாகி, மறுபடியும் லாகின் ஸ்க்ரீனே வந்து நிக்குது. இல்லைன்னா கறுப்பாவே நின்னுடுது. இப்ப என்ன செய்யறது?

முதல்ல என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லிடறேன். ஃபார்மட் பண்ணாதீங்க. ஓஎஸ்ஸைத் திரும்பப் போடாதீங்க. ஏன்னு பேச்சு போகப் போகத் தெரியும்.

யாருக்கு இந்தப் பிரச்சினை வருது?

வீட்டுல நாலு கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணுல தேடிப் பார்ப்பாங்க. எங்களுக்குக் கடிதம் எழுதறவங்க பெரும்பாலும் அப்படி இல்லை. வீட்டுக்கே ஒரு மெஷின்தான். அதுவும் பழசு.

2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினாங்க. முதல் கட்டத்துல வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் ரெண்டுமே உள்ள இருந்தது. பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், நம்ம சென்னை சி-டாக்ல டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது. நிறைய பேர் லினக்ஸ்ங்கற பேரையே அந்த பூட் மெனுவுலதான் முதல்ல பார்த்தாங்க.

அந்த மெஷின்கள் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அண்ணன் படிச்சு முடிச்சு தங்கச்சிக்கு, தங்கச்சி முடிச்சு மாமா பையனுக்குன்னு கை மாறி வருது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிஞ்சுடுச்சு. அதனால பழைய மெஷின்ல லினக்ஸ் போடறவங்க இன்னும் கூடியிருக்காங்க. 2 ஜிபி ரேம்ல க்னோம் மாதிரி பெரிய டெஸ்க்டாப் போட்டு ப்ரௌசரையும் திறந்தா மெஷின் இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால “ஐ3 போடு, லேசா இருக்கும்”னு யாராவது சொல்வாங்க. சொன்னதுல தப்பில்லை, உண்மையிலேயே லேசாத்தான் இருக்கும். ஆனா அது வராம போனா, வீட்டுல இருக்கற ஒரே மெஷினும் மாட்டிக்கும்.

திருவொற்றியூர்ல இருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி எழுதியிருந்தாங்க. அவங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப். டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். ஒரு வீடியோ பார்த்து ஐ3 போட்டிருக்காங்க. ரீபூட்டுக்கு அப்புறம், நான் ஆரம்பத்துல சொன்ன அதே கதை: பாஸ்வேர்டு, கறுப்பு, மறுபடி லாகின். கடைக்கு எடுத்துட்டுப் போனா, “ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம், உள்ள இருக்கறது போயிடும்”னு சொல்லியிருக்காங்க. உள்ள இருந்தது இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். சமர்ப்பிக்க நாலு நாள். “அண்ணா, ஐ3-யை எப்படி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்”னு கேட்டிருந்தாங்க.

அந்தக் கேள்வியிலேயே ஒரு முடிவு இருக்கு, கவனிச்சீங்களா? குற்றவாளி ஐ3-தான்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. கடைசியா போட்டது அதுதானே! எல்லாருமே அப்படித்தான் நினைப்போம். அது சரியான்னு பார்க்கணும்னா, பாஸ்வேர்டு அடிச்சதுக்கும் ஸ்க்ரீன் வர்றதுக்கும் நடுவுல என்னென்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

ஜீரோ கேட் கணக்கு

ராயபுரம் பக்கம் இருக்கறவங்களுக்கு ஜீரோ கேட் தெரியும். துறைமுகத்துக்குள்ள போற கண்டெய்னர் ட்ரெய்லர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல வரிசையா நிக்கும். ஒரு வண்டி இன்னும் உள்ள போய்ச் சேரலைன்னு ஓனருக்கு ஃபோன் வந்தா, அவர் முதல்ல என்ன கேட்பார்? “எங்க நிக்குது?” ரோட்டுலயா, கேட்லயா, பேப்பர் சரியில்லைன்னு ஓரங்கட்டியிருக்காங்களா, இல்லை உள்ள யார்டுல இறக்கக் காத்திருக்கா? ஒவ்வொரு இடத்துக்கும் வைத்தியம் வேற. எங்க நிக்குதுன்னு தெரியாம யாரும் இன்ஜினைக் கழட்ட மாட்டாங்க.

லினக்ஸ்லயும் அதே மாதிரி அஞ்சு கேட் இருக்கு.

ஒண்ணு, கர்னல். மெஷின் எழுந்திருக்கற இடம். ரெண்டு, டிஸ்ப்ளே சர்வர். பெரும்பாலும் எக்ஸ் சர்வர். ஸ்க்ரீன்ல படம் வரையறது இதோட வேலை. மூணு, டிஸ்ப்ளே மேனேஜர், அதாவது லாகின் ஸ்க்ரீன். லைட்டிஎம், ஜிடிஎம் மாதிரி. நாலு, செஷன். உங்க பேர்ல, உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள எழுதி, உங்க செட்டிங்கைப் படிக்கற கட்டம். அஞ்சாவதா, கடைசியாத்தான் விண்டோ மேனேஜர்.

விண்டோ மேனேஜரோட வேலை யார்டு பிளான் போடற ஆளோட வேலைதான். எந்தப் பெட்டி எங்க இருக்கணும், எது மேல எது, எது முன்னாடின்னு முடிவு பண்றது. பெட்டிக்குள்ள என்ன சரக்குங்கறது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

இப்படித் தனியா பிரிச்சு வச்சது தற்செயல் இல்லை. 1984-ல எம்ஐடியில எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கும்போதே, வரையறது மட்டும்தான் சர்வரோட வேலை, ஜன்னல் எங்க இருக்கணும், எப்படி இருக்கணும்ங்கறதை வேற ஒரு ப்ரோகிராம் பார்த்துக்கட்டும்னு முடிவு பண்ணாங்க. அதனாலதான் இன்னைக்கு நமக்கு இத்தனை விண்டோ மேனேஜர்கள். அதனாலதான் ஒண்ணு படுத்தாலும் மெஷின் படுக்காது. உங்க ஃபைல்களை அது தொடறதே இல்லை. இதை முதல்ல மனசுல பதிய வச்சுக்கோங்க. பாதி பயம் போயிடும்.

முதல்ல உள்ள நுழைஞ்சு, வேண்டியதை எடுத்து வைங்க

லாகின் ஸ்க்ரீன்லயோ கறுப்பு ஸ்க்ரீன்லயோ நிக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்கணும். வெறும் எழுத்துல ஒரு லாகின் வரும். அங்க உங்க பேர், பாஸ்வேர்டு கொடுத்தா உள்ள போயிடலாம். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறி எதுவும் வராது. பயப்படாம அடிச்சுட்டு என்டர் தட்டுங்க.

இது வந்துடுச்சுன்னாலே முதல் கேட் தாண்டியாச்சு. மெஷின் உயிரோட இருக்கு.

இதுவே வரலைன்னா, மெஷினை ஆன் பண்ணும்போது வர்ற க்ரப் மெனுவுல ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’குள்ள போய் ரெக்கவரி மோடை எடுங்க.

உள்ள போனதும் முதல் வேலை, முக்கியமான ஃபைலை ஒரு பென்டிரைவுக்கு மாத்தறது. பென்டிரைவைச் செருகி, “எல்எஸ்பிஎல்கே”ன்னு அடிச்சா இருக்கற டிஸ்க் எல்லாம் பேரோட வரும். அளவைப் பார்த்து பென்டிரைவ் எதுன்னு கண்டுபிடிங்க. எஸ்டிபி1-னு வந்துதுன்னு வச்சுக்கோங்க. “சூடோ மவுன்ட் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிபி1 ஸ்பேஸ் ஸ்லாஷ் எம்என்டி”. அப்புறம் “சூடோ சிபி மைனஸ் ஆர்”, ஃபோல்டர் பேர், “ஸ்லாஷ் எம்என்டி”. முடிஞ்சதும் “சூடோ யுமவுன்ட் ஸ்லாஷ் எம்என்டி”. அவ்வளவுதான்.

அந்த மாணவிக்கும் முதல்ல இதைத்தான் எழுதினோம். ரிப்போர்ட் பென்டிரைவுக்கு வந்ததும் அவங்க பதில்லயே பதற்றம் குறைஞ்சது தெரிஞ்சுது. பதற்றத்துல எந்த எரர் மெசேஜையும் ஒழுங்கா படிக்க முடியாது. அதனால இந்த வேலையை எப்பவும் முதல்ல வச்சுக்கோங்க.

இங்க தமிழ்ல வேலை செய்யறவங்களுக்கு ஒரு குறிப்பு. இந்த எழுத்து கன்சோலுக்குத் தமிழ் காட்டத் தெரியாது. அதோட ஃபான்ட்ல அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் வைக்க முடியும். நம்ம எழுத்துக்குத் தேவையான கொம்பு, கால், புள்ளி சேர்க்கற வேலையும் அதுக்குத் தெரியாது. அதனால தமிழ்ல பேர் வச்ச ஃபைல் எல்லாம் கட்டம் கட்டமா தெரியும். ஃபைல் கெட்டுப்போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. பேர் பத்திரமா அப்படியே இருக்கு, காட்டத்தான் முடியலை. முழு ஃபோல்டரையும் சேர்த்து காப்பி பண்ணிடுங்க. மெசேஜ்களும் கட்டமா வந்தா, கட்டளைக்கு முன்னாடி “லாங் ஈக்வல் சி”ன்னு சேர்த்து அடிங்க. லாங், சி ரெண்டுமே பெரிய எழுத்துல. இங்கிலீஷ்ல வரும்.

ஒவ்வொரு கேட்டா பார்க்கலாம்

ரெண்டாவது கேட், டிஸ்ப்ளே சர்வர். இதுக்கு ஒரு சுலபமான சோதனை: லாகின் ஸ்க்ரீன் வருதா? வந்தா எக்ஸ் சர்வரும் கிராபிக்ஸ் டிரைவரும் அநேகமா நல்லாத்தான் இருக்கு. ஏன்னா அந்த லாகின் ஸ்க்ரீனை வரைஞ்சதே அதுதான்.

லாகின் ஸ்க்ரீனே வரலைன்னா இங்கதான் பார்க்கணும். எக்ஸ் சர்வரோட லாக், ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக்குக்குள்ள எக்ஸ்ஆர்க் டாட் 0 டாட் லாக்-ங்கற பேர்ல இருக்கும். அங்க இல்லைன்னா உங்க ஹோம்ல டாட் லோக்கல், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள எக்ஸ்ஆர்க் ஃபோல்டர்ல இருக்கும். ஆயிரக்கணக்கான வரி. எல்லாத்தையும் படிக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு ‘இ’ போட்ட வரிகள் மட்டும்தான் எரர். ரெண்டு ‘டபிள்யூ’ போட்டது வெறும் எச்சரிக்கை, அதை விட்டுடுங்க.

இங்க அடிக்கடி பார்க்கறது ரெண்டு விஷயம். ஒண்ணு, கிராபிக்ஸ் சிப்புக்கான ஃபர்ம்வேர் இல்லாம இருக்கறது. டெபியன் 12-க்கு முன்னாடி வழக்கமான இன்ஸ்டாலர்ல கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் சேர்ந்து வராது, நாமதான் தனியா போடணும். 12-ல இருந்து சேர்ந்தே வருது. இன்னொண்ணு, பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதின எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் ஃபைல். இப்ப எக்ஸ் சர்வர் தானாவே எல்லாத்தையும் கண்டுபிடிச்சுக்கும். அந்த ஃபைல் இருந்தா பேரை மாத்தி வச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணிப் பாருங்க.

மூணாவது கேட், டிஸ்ப்ளே மேனேஜர். “சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்”னு கேட்டா ஓடுதா, விழுந்துடுச்சான்னு சொல்லிடும்.

நாலாவது கேட், செஷன். பாஸ்வேர்டை ஏத்துக்குது, ஆனா திரும்பவும் லாகினுக்கே வந்துடுதுன்னா முக்கால்வாசி நேரம் வண்டி இங்கதான் நிக்குது. இதை உறுதி பண்ண ஒரு சோதனை இருக்கு. லாகின் ஸ்க்ரீன்ல செஷன் தேர்ந்தெடுக்கற சின்ன மெனு இருக்கும். அதுல ஐ3-க்குப் பதிலா உங்க பழைய டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து உள்ள போக முயற்சி பண்ணுங்க. பழையது வந்துடுச்சுன்னா, சிக்கல் புது விண்டோ மேனேஜர் பக்கம். பழையதும் வரலைன்னா, விண்டோ மேனேஜர் மேல குற்றம் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு உடைஞ்சிருக்கு.

அந்த மாணவிகிட்ட இதைச் செய்யச் சொன்னோம். எக்ஸ்எஃப்சிஇ-யும் வரலை. அதாவது ஐ3-யை எடுத்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

திருவொற்றியூர் லேப்டாப்ல நடந்தது என்ன?

அடுத்ததா ஹோம் ஃபோல்டர்ல இருக்கற டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ்-ங்கற ஃபைலைப் பார்க்கச் சொன்னோம். செஷன் தொடங்கும்போது வர்ற புலம்பல் எல்லாம் அதுலதான் பதிவாகும். ‘ஒண்ணுமே இல்லை, சைஸ் பூஜ்யம்’னு பதில் வந்துது. எழுத வேண்டிய ஃபைல் உருவாகியிருக்கு, ஆனா உள்ள ஒரு எழுத்துகூட எழுத முடியலை. இங்கயே சந்தேகம் வந்துடணும்.

“டிஎஃப் மைனஸ் ஹெச்” அடிக்கச் சொன்னோம். லினக்ஸ் இருக்கற பார்ட்டிஷன்ல 100 சதவீதம் நிரம்பியிருந்தது. விண்டோஸைத் தொடாம லினக்ஸுக்கு 20 ஜிபி மட்டும் ஒதுக்கியிருந்தாங்க. டிஸ்க்ல இடம் இல்லைன்னா, லைட்டிஎம் உங்க ஹோம்ல எழுத வேண்டிய டாட் எக்ஸ்அத்தாரிட்டிங்கற அனுமதிச் சீட்டை எழுத முடியாது. அது இல்லாம உங்க ப்ரோகிராம் எதையும் எக்ஸ் சர்வர் உள்ள விடாது. கேட்ல பேப்பர் இல்லாம நிக்கற வண்டி மாதிரி. செஷன் உடனே முடிஞ்சு, லாகின் ஸ்க்ரீன் திரும்ப வரும்.

சரி, இடமே இல்லைன்னா ஐ3 எப்படி இன்ஸ்டால் ஆச்சு? லாகின் ஸ்க்ரீன் மட்டும் எப்படி நல்லா வருது? எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்ல வழக்கமா 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. 20 ஜிபியில அது 1 ஜிபி. சாதாரண பயனருக்கு டிஸ்க் நிரம்பிட்டாலும், ரூட்டுக்கு இன்னும் இடம் இருக்கும். ஐ3-யை சூடோ போட்டு, அதாவது ரூட்டா இன்ஸ்டால் பண்ணாங்க. அந்த ஒதுக்கீட்டுல போய் உட்கார்ந்துடுச்சு, எரரே வரலை. எக்ஸ் சர்வரோட லாக், லைட்டிஎம்மோட வேலை எல்லாம் ரூட் கணக்குல நடக்கறதால லாகின் ஸ்க்ரீனும் வந்துடுச்சு. பாஸ்வேர்டு அடிச்ச பிறகு எல்லாம் சாதாரண பயனர் கணக்குல நடக்கணும். அங்கதான் இடம் இல்லை. எழுத்து கன்சோல்ல உள்ள போக எதையும் எழுத வேண்டியதில்லை. அதனால அது வேலை செஞ்சுது.

டிஸ்க் முன்னாடியே விளிம்புல இருந்தது. ஐ3 போட்ட அன்னைக்கு வழிஞ்சுது. பழி ஐ3 மேல விழுந்துது.

இடத்தை அடைச்சுக்கிட்டிருந்தது எது? டெபியன் 11-ல இருந்து 12-க்கு மாறும்போது இறக்கின பேக்கேஜ் ஃபைல்கள். பழைய வழிகாட்டிகள்ல “ஆப்ட்-கெட்”னுதான் இருக்கும். அது இறக்கின ஃபைலை இன்ஸ்டால் முடிஞ்ச பிறகும் அப்படியே வச்சிருக்கும். வெறும் “ஆப்ட்” கட்டளை, வேலை முடிஞ்சதும் அழிச்சுடும். ஆப்ட்-கெட்னே அடிச்சுப் பழகினவங்க மெஷின்ல வார் ஃபோல்டருக்குள்ள பல ஜிபி சேர்ந்திருக்கும். “சூடோ ஆப்ட் க்ளீன்”, ஒரே வரி. அதோட சிஸ்டம் ஜர்னலும் பார்ட்டிஷன்ல 10 சதவீதம் வரைக்கும் வளரும். “சூடோ ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் வேக்கம் மைனஸ் சைஸ் ஈக்வல் 200 எம்”, அது ரெண்டாவது வரி.

ரெண்டு வரிக்கு அப்புறம் ரீபூட். ஐ3 வந்துடுச்சு. ஃபார்மட் அடிச்சிருந்தாலும் வந்திருக்கும்தான். ரிப்போர்ட் இருந்திருக்காது.

இதே கேட்ல வேற காரணங்கள்

டிஸ்க்ல இடம் இருக்கு, ஆனாலும் லாகினுக்கே திரும்புதுன்னா ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, டாட் எக்ஸ்அத்தாரிட்டி யார் பேர்ல இருக்கு? “எல்எஸ் மைனஸ் எல் டாட் எக்ஸ்அத்தாரிட்டி” அடிங்க. உங்க பேருக்குப் பதிலா ரூட்னு இருந்தா, எப்பவோ சூடோ போட்டு கிராபிக்ஸ் ப்ரோகிராம் எதையாவது ஓட்டியிருக்கீங்க. அந்த ஃபைலை அழிச்சுடுங்க. அடுத்த லாகின்ல உங்க பேர்லயே புதுசா உருவாகும்.

இன்னொண்ணு, டாட் ப்ரொஃபைல் ஃபைல். இணையத்துல இருந்து நாலு வரி எடுத்து அதுல ஒட்டியிருப்பீங்க. எழுத்து கன்சோல்ல பாஷ் படிக்கும், அதனால வேலை செய்யும். ஆனா லாகின் ஸ்க்ரீன் வழியா போகும்போது டெபியன்ல சில சமயம் அதைப் படிக்கறது டாஷ்-ங்கற எளிமையான ஷெல். பாஷுக்கு மட்டும் தெரிஞ்ச எழுத்துமுறை அதுல இருந்தா, செஷன் அங்கேயே உடைஞ்சிடலாம். புது வரிகளை எடுத்துட்டுப் பாருங்க.

எதுலயும் பிடிபடலைன்னா, “சூடோ ஆட்யூசர்” போட்டு ஒரு புதுப் பயனரை உருவாக்கி அந்தப் பேர்ல உள்ள போய்ப் பாருங்க. அவர் உள்ள போயிட்டா, உடைஞ்சது உங்க ஹோம் ஃபோல்டர் செட்டிங்தான். சிஸ்டம் நல்லா இருக்கு.

அஞ்சாவது கேட்: விண்டோ மேனேஜரேதான்னா

பழைய டெஸ்க்டாப் வருது, புதுசு மட்டும் வரலை. இப்ப ஐ3 பக்கம் திரும்பலாம்.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. நிறைய பேர் “வரலை”ன்னு சொல்றது உண்மையில வந்துதான் இருக்கும். ஓபன்பாக்ஸ் வந்தா வெறும் காலி ஸ்க்ரீன்தான் தெரியும். டாஸ்க்பார் இல்லை, ஐகான் இல்லை. வெறும் இடத்துல ரைட் க்ளிக் பண்ணுங்க, மெனு வரும். ஐ3-யும் கறுப்பு ஸ்க்ரீன்தான், கீழ ஒரு மெல்லிசான பட்டை. முதல் தடவை வந்ததும், செட்டிங் ஃபைல் உருவாக்கட்டுமா, விண்டோஸ் கீயா ஆல்ட் கீயான்னு கேட்கும். அதுக்கப்புறம் அந்தக் கீயோட என்டர் தட்டினா டெர்மினல். விண்டோ மேனேஜர்ங்கறது டெஸ்க்டாப் இல்லை. யார்டு பிளான் போடற ஆளை மட்டும் கூட்டிட்டு வந்தீங்க, பெட்டி இன்னும் ஒண்ணும் வரலை, அவ்வளவுதான்.

டெர்மினல் திறக்கலைன்னா, டெர்மினல் ப்ரோகிராமே இன்ஸ்டால் ஆகாம இருக்கலாம். கன்சோலுக்குப் போய் “சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்டெர்ம்” போடுங்க.

செட்டிங் ஃபைல்ல எழுத்துப்பிழை இருக்கான்னு அந்தந்த ப்ரோகிராமே சொல்லும். “ஐ3 மைனஸ் சி”, சி பெரிய எழுத்து. ஸ்வே-க்கும் அதேதான். ஆசம்-க்கு “ஆசம் மைனஸ் கே”. எத்தனாவது வரியில தப்புன்னு காட்டிடும். டெபியன்ல ஐ3 போட்டா செஷன் மெனுவுல ரெண்டு ஐ3 இருக்கும். ஒண்ணு சாதாரணமானது, இன்னொண்ணு டீபக் லாக்கோட வர்றது. சிக்கல் இருக்கும்போது ரெண்டாவதை எடுங்க.

செஷன் மெனுவுல பேரே வரலையா? யூஎஸ்ஆர், ஷேர், எக்ஸ்செஷன்ஸ் ஃபோல்டர்ல அதுக்கான டெஸ்க்டாப் ஃபைல் இருக்கான்னு பாருங்க. நீங்களே சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி ஹோமுக்குள்ள வச்சிருந்தா, டிஸ்ப்ளே மேனேஜருக்கு அந்த இடம் தெரியாது. எக்ஸெக் வரியில முழுப் பாதையையும் எழுதிடுங்க.

லாகின் ஸ்க்ரீன் இல்லாம ஸ்டார்ட்எக்ஸ் அடிச்சு வர்றவங்க, டாட் எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலைப் பாருங்க. கடைசி வரி “எக்ஸெக் ஐ3”ன்னு இருக்கணும், பின்னாடி அண்ட் குறி இருக்கக்கூடாது. இருந்தா ஐ3-யைப் பின்னணிக்கு அனுப்பிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு எக்ஸ் மூடிடும். அதுக்கு மேல இருக்கற வரிகள்ல ஓடிக்கிட்டே இருக்கற ப்ரோகிராம்களுக்கு மாறா அந்தக் குறி கண்டிப்பா வேணும். இல்லைன்னா அதுங்க முடியறதுக்காகக் காத்துக்கிட்டு ஐ3-க்கு முறையே வராது.

“வேற விண்டோ மேனேஜர் ஏற்கனவே ஓடுது”ன்னு எரர் வந்தா, ஓடிக்கிட்டிருக்கற டெஸ்க்டாப்புக்குள்ள டெர்மினல் திறந்து அங்க ஐ3 அடிச்சிருக்கீங்க. ஒரு எக்ஸ் திரைக்கு ஒரு விண்டோ மேனேஜர்தான். லாக்அவுட் பண்ணிட்டு வாங்க.

ஸ்வே போடறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது வேலண்ட். அங்க டிஸ்ப்ளே சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே ப்ரோகிராம். அதனால எக்ஸ்ஆர்க் லாகைத் தேடாதீங்க. கன்சோல்ல நேரா “ஸ்வே மைனஸ் டி” அடிச்சு, வர்ற செய்தியைப் படிங்க. என்விடியாவோட மூடிய டிரைவரை ஸ்வே அதிகாரபூர்வமா ஆதரிக்கறதில்லைங்கறதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

கரண்ட் போச்சுன்னா

பழைய லேப்டாப்ல பேட்டரி செத்திருக்கும். ஒயர் செருகினாத்தான் ஓடும். இன்ஸ்டால் நடக்கும்போது கரண்ட் போனா, பேக்கேஜ் பாதியில நிக்கும். அப்ப விண்டோ மேனேஜர் வராததுல ஆச்சரியமே இல்லை. கன்சோல்ல “சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ”, அப்புறம் “சூடோ ஆப்ட் மைனஸ் எஃப் இன்ஸ்டால்”. பாதியில நின்ன வேலையை முடிச்சுக் கொடுத்துடும்.

உதவி கேட்கும்போது

இதையெல்லாம் செஞ்சும் வரலைன்னா கேளுங்க. சென்னையில லினக்ஸ் பயனர் குழு பல வருஷமா இருக்கு. 2012-ல இருந்து கணியம் தளத்துல தமிழ்லயே கட்டற்ற மென்பொருள் பத்தி எழுதிக்கிட்டிருக்காங்க. எங்க கேட்டாலும் மூணு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்க. எந்த கேட் வரைக்கும் போச்சு. திரையில வந்த மெசேஜ், உங்க வார்த்தையில இல்லாம, இருந்தபடியே, ஃபோன்ல படம் எடுத்தாலும் சரி. கடைசியா ஒழுங்கா வேலை செஞ்ச நாளுக்கு அப்புறம் மெஷின்ல என்னென்ன மாத்தினீங்க. “ஐ3 ஸ்டார்ட் ஆகலை”ன்னு மட்டும் எழுதினா, “ரீஇன்ஸ்டால் பண்ணுங்க”ன்னு தான் பதில் வரும்.

ஒரு வீட்டுப்பாடம். உங்க மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே ஒரு தடவை கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திப் பாருங்க. உள்ள போய் “டிஎஃப் மைனஸ் ஹெச்” அடிங்க. லினக்ஸ் பார்ட்டிஷன் 90 சதவீதத்துக்கு மேல இருந்தா இன்னைக்கே “ஆப்ட் க்ளீன்” போட்டுடுங்க. திரும்பி வர, லைட்டிஎம்-னா பெரும்பாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7. இல்லைன்னா எஃப்1, எஃப்2-னு ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க.

சந்தேகம் இருந்தா எழுதுங்க. அடுத்த பகுதியில, பார்ட்டிஷன் சின்னதாப் போயிடுச்சுன்னா உள்ள இருக்கறதை அழிக்காம எப்படிப் பெருசாக்கறதுன்னு பார்க்கலாம்.